செஸ் ஆட்டத்தோட 18வது நகர்த்தல்ல புத்தகமும் ஆப்பும் ஒத்துப்போகல, எது சரி?

சிப்பாய்64:
அவசரம். நாளைக்குப் பசங்களுக்கு ஒரு பழைய ஆட்டத்தைப் பலகையில வெச்சுக் காட்டணும். 17 வரைக்கும் சரியா வருது. 18ல கருப்பு, புத்தகத்துல மந்திரியால வெட்டுது, ஆப்புல வேற காயால வெட்டுது. அச்சுப்பிழையா?

கட்டம்கட்டமா:
எந்த ஆட்டம்ங்க? யார் யாரு, எந்த வருஷம்?

இரட்டைக்குதிரை:
குதிரைப் பிரச்சினைதான், பந்தயம். ரெண்டு குதிரையும் டி2 கட்டத்துக்குப் போகலாம்னா, பி1 குதிரையா எஃப்3 குதிரையான்னு பார்த்து வைக்கணும். மாத்தி வெச்சா உடனே தெரியாது, பத்து நகர்த்தல் கழிச்சுத்தான் இடிக்கும்.

பழையபலகை:
புத்தகம் எந்தக் காலத்தது? பழைய ஆங்கிலக் குறிமுறையில, அதாவது நகர்த்தலை எழுதுற முறையில, அவங்கவங்க பக்கத்துல இருந்து வரிசையை எண்ணுவாங்க. 'ராஜா 4'ன்னா வெள்ளைக்கு ஈ4, கருப்புக்கு ஈ5.

மூத்தகாய்:
குறிமுறைக் குழப்பம்னா முதல் நகர்த்தல்லயே மாட்டிக்கும். 17 வரைக்கும் சரின்னு எழுதியிருக்காரே, படிச்சீங்களா? கேட்டவரும் ஆட்டத்தோட பேரைச் சொல்லல, நாங்க என்ன ஜோசியமா பார்க்குறது? அதுவும் 'மந்திரி'ன்னா எது? எங்க பழக்கத்துல ராணிதான் மந்திரி.

இரட்டைக்குதிரை:
மந்திரின்னா பிஷப். ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை. ராணி ஏற்கெனவே இருக்கே சார்!

மூத்தகாய்:
பழைய காலத்துச் சதுரங்கத்துல ராணியே கிடையாது தம்பி. ராஜா பக்கத்துல நின்னது மந்திரிதான். பிஷப் நிக்குற இடத்துல யானை இருந்தது.

இரட்டைக்குதிரை:
நாம ஆடுறது இந்த ஆட்டம்.

சிப்பாய்64:
மன்னிக்கணும். ஆண்டர்சன் (வெள்ளை) - கீசெரிட்ஸ்கி (கருப்பு), லண்டன், 1851. மந்திரின்னு சொன்னது பிஷப்பை. புத்தகத்துல பிஷப் ஜி1 யானையை வெட்டுது, ஆப்புல ராணி ஏ1 யானையை வெட்டி செக்.

மூத்தகாய்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா ஒரே பதில்ல முடிஞ்சிருக்கும்.

கட்டம்கட்டமா:
ரெண்டும் புழக்கத்துல இருக்கு. புத்தகம்: பிஷப் ஜி1 வெட்டு, வெள்ளைச் சிப்பாய் ஈ5, ராணி ஏ1 வெட்டு செக், ராஜா ஈ2. ஆப்: ராணி ஏ1 வெட்டு செக், ராஜா ஈ2, பிஷப் ஜி1 வெட்டு, ஈ5. அதே நாலு நகர்த்தல், வரிசைதான் வேற. வெள்ளையோட 20வது முடிஞ்சதும் பலகை அச்சு அசல் ஒண்ணா இருக்கும். வெச்சுப் பாருங்க.

பழையபலகை:
ஆனா வரிசை முக்கியம். ராணி முதல்ல வெட்டினா, ராஜா ஈ2 வந்ததும் ராணி பி2-க்குத் திரும்பலாம். 1879ல, பின்னாடி உலக சாம்பியன் ஆன ஸ்டெய்னிட்ஸ் காட்டினது அது. பசங்கள்ல யாராவது கண்டிப்பா கேப்பாங்க. இன்னொண்ணு, தோத்த கீசெரிட்ஸ்கியே அதே வருஷம் தன் பத்திரிகையில இந்த ஆட்டத்தைப் போட்டார். அதுல 20வது ஈ5 வந்ததுமே ஆட்டத்தை விட்டுட்டதா இருக்கு.

இரட்டைக்குதிரை:
அப்போ எஃப்6-ல ராணியைப் பலி கொடுத்து, ஈ7-ல பிஷப் வெச்ச மேட்? அதுதானே ஆட்டமே!

பழையபலகை:
அந்த நிலையில அப்படி முடிக்கலாம், அது உண்மை. பலகையில ஆடினாங்களாங்கறது வேற கேள்வி. போட்டி ஆட்டமும் இல்ல, லண்டன்ல போட்டி நடந்த சமயத்துல சும்மா ஆடினது.

சிப்பாய்64:
வெச்சுப் பார்த்தேன், 20ல ஒண்ணாதான் வருது. பி2 விஷயத்தையும் காட்டுறேன். நன்றி.

மூத்தகாய்:
பசங்ககிட்ட பிஷப்னே சொல்லுங்க. மந்திரி வேண்டாம்.

இரட்டைக்குதிரை:
மந்திரின்னே சொல்லுங்க.