‘அபெட்மென்ட்’: தூண்டுதலா, உடந்தையா?

ஐயா, வணக்கம்.

பிறர் செய்யும் குற்றத்தைத் தூண்டுவதையோ அதற்கு உதவுவதையோ குறிக்கும் ‘அபெட்மென்ட்’ (abetment) என்ற ஆங்கிலச் சட்டச்சொல்லுக்குத் தமிழாக நீங்கள் முன்வைத்த ‘குற்றவூக்கம்’ ஓசைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊக்கம் தமிழில் நல்ல பக்கத்துச் சொல். குறளில் ஊக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே உண்டு. அதைக் குற்றத்தோடு முடிச்சுப்போட மனம் ஒப்பவில்லை.

‘அபெட்’டின் வேர் பழைய பிரெஞ்சு. நாயை ஏவிக் கடிக்கவிடுவது அதன் பொருள். நம் ‘உசுக்காட்டுதல்’ அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. பேச்சுக்கு அருமையான சொல், சட்டத்துக்குப் போதாது. சட்டம் அந்த வேரோடு நின்றுவிடவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 107 (2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 45) மூன்று வழிகளைச் சொல்கிறது: தூண்டுவது; சதியில் சேர, அந்தச் சதியின்படி ஏதேனும் நடப்பது; வேண்டுமென்றே உதவுவது. திருட வருபவருக்காகப் பின்கதவுத் தாழ்ப்பாளை நீக்கி வைத்த காவலாளி யாரையும் தூண்டவில்லை. ஆனாலும் மூன்றாவது வழியில் அகப்படுவார். ‘தூண்டுதல்’ என்று தலைச்சொல் வைத்தால் அவர் நழுவிவிடுகிறார். செய்திகளில் இந்தக் குற்றத்தைப் பெரும்பாலும் ‘தூண்டியதாக வழக்கு’ என்றே எழுதுவதால் வரும் மயக்கம் இது.

ஆகவே தலைச்சொல் ‘உடந்தை’யாகவே இருக்கட்டும். ஏவிவிட்டு எங்கோ இருப்பவர் எப்படி ‘உடன்’ ஆவார் என்று கேட்டிருந்தீர்கள். உடன்படு, உடன்பாடு, உடன்படிக்கை எல்லாம் மனம் சேர்வதைச் சொல்பவை. ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பதைச் சட்டம் தனியே பார்க்கிறது: உடந்தையானவர் குற்றம் நடக்கும் இடத்திலும் இருந்தால், அவரே செய்ததாகக் கொள்ளும் (பழைய 114, புதிய 54).

செய்தவரைக் குறிக்க நம் இலக்கணமே வழிகாட்டுகிறது. ‘அரசனால் ஆகிய கோயில்’ என்பதில் அரசன் ஏவுதற்கருத்தா (செய்யச் சொன்னவர்), ‘தச்சனால் ஆகிய கோயில்’ என்பதில் தச்சன் இயற்றுதற்கருத்தா (தாமே செய்தவர்). இரண்டும் மூன்றாம் வேற்றுமைதான். உடனிகழ்ச்சியும் (ஒருவரோடு ஒருவர் சேர்ந்து நிகழ்வது) அதே வேற்றுமையின் பொருள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எனவே தூண்டுபவர் ஏவுநர், செய்பவர் இயற்றுநர், மூன்று வழிக்கும் பொதுவாக உடந்தையர். நேரே செய்தவரை ‘முதற்குற்றவாளி’ என்பது வேண்டவே வேண்டாம். சிறு குழந்தையை ஏவிச் செய்வித்தால் குழந்தைமேல் குற்றமில்லை, ஏவியவர்மேல் உண்டு. அங்கே முதற்குற்றவாளி யார்?

*

ஐயா,

நீங்கள் சொன்ன உடந்தையர், இயற்றுநர் இரண்டும் எனக்குச் சம்மதம். வினைச்சொல்தான் இடிக்கிறது. ‘உடந்தையாக இருந்தார்’ என்றால் ஒரு நிலையைச் சொல்வதுபோல் இருக்கிறது. சட்டம் தண்டிப்பது செயலை. ‘துணைபோனார்’ என்பது செயல்தான், ஆனால் குற்றம் நடந்து முடிந்த தொனி அதில் இருக்கிறது. கொலை செய்யச் சொல்லி ஒருவர் ஏவ, மற்றவர் மறுத்துவிட்டாலும் ஏவியவர் குற்றவாளியே என்கிறது அந்தப் பிரிவின் (பழைய 108, புதிய 46) விளக்கம். நடக்காத குற்றத்துக்கு எப்படித் துணைபோவது?

‘உடந்தையானார்’ என்று வைத்துக்கொள்ளலாமா? ‘ஆதல்’ அந்த நொடியைப் பிடிக்கிறது. குற்றம் நடந்ததா இல்லையா என்பதையும் திறந்தே விடுகிறது. குற்றப்பத்திரிகையில் ‘தூண்டியதன்மூலம் உடந்தையானார்’, ‘உதவியதன்மூலம் உடந்தையானார்’ என்று எழுதினால் எந்த வழி என்பதும் கூடவே தெரிந்துவிடும்.