தானே புயலுக்கு அப்புறம் கரண்ட் கொடுக்க வந்தவர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பலாத்தோப்பு:

தானே பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலை. எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். தாத்தா வைத்த பலாமரங்கள் அத்தனையும் சாய்ந்தன, போஸ்ட் ஒன்றுகூட நிற்கவில்லை. அதையெல்லாம் விடுங்கள். என் மனசை அரித்துக்கொண்டே இருப்பது பொங்கல் முடிந்து இரண்டாம் நாள் நடந்தது.

வெளி மாவட்டத்திலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். "ஏனுங்க" என்று பேசினார்கள், கோயம்புத்தூர்ப் பக்கமாக இருக்கும். லாரி தோப்புக்குள் வராது. புதுப் போஸ்ட்டைக் கயிறு கட்டி, நாங்களும் அவர்களுமாக இருபது பேர் தோள் கொடுத்து, விழுந்து கிடந்த முந்திரிகளைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனோம். மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஒரு தம்பி மட்டும் இலையில் உட்காரவில்லை. கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். அம்மா கவனித்துவிட்டு, "கையக் காட்டுப்பா" என்றார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, கம்பி இழுத்த தடம் சிவப்புச் சிவப்பாக இருந்தது. குழம்பில் கை வைத்தால் எரியும். ஸ்பூன் கேட்கக் கூச்சம். அம்மா தயிர்ச்சோறு பிசைந்து, உருண்டை பிடித்து, அவன் வாயில் கொடுத்தார். தலையைக் குனிந்துகொண்டே வாங்கிக்கொண்டான். இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம்.

சாயங்காலம் விளக்கு எரிந்தது. தெருவே கத்தியது. டீ கொடுக்கலாம் என்று ஓடினேன். லாரி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. பேரைக்கூடக் கேட்கவில்லை.

கெடிலக்கரை:

அம்மா ஊட்டியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பொங்கல் முடிந்த கையோடு உங்களுக்குக் கரண்ட் வந்துவிட்டதா? எங்களுக்கு 33 நாள். அப்பாவின் இன்சுலினை மண்பானையில் ஈர மணல் போட்டு வைத்திருந்தோம். ராத்திரி மாடியில் நின்றால் ஆற்றுக்கு அக்கரையில் டியூப்லைட் எரிவது தெரியும். ரெண்டு கிலோமீட்டர்கூட இருக்காது.

ஒரு நாள் கோபத்தோடு மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். மேஜையில் தலை வைத்து ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேஜையைத் தட்டினேன். கண்ணைத் திறக்காமலே "எந்த டிரான்ஸ்பார்மர்?" என்றார். சொன்னேன். நோட்டில் எழுதினார், எழுதும்போதே மறுபடி தூங்கிவிட்டார். பேனா தாளின் ஓரம் வரை கோடு இழுத்துக்கொண்டு போனது. சத்தம் போட வந்தவன் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டேன். ஆனாலும் அக்கரைக்கு மட்டும் எப்படி முதலில் வந்தது? இன்றுவரை யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

லைன்மேன் மகள்:

கெடிலக்கரை அண்ணா, அந்தப் பதிலை நான் சொல்கிறேன். முதலில் டவர் லைன்களும் சப் ஸ்டேஷன்களும் நிற்க வேண்டும். அப்புறம் 11,000 வோல்ட் லைன். அதில் ஆஸ்பத்திரிக்கும் குடிதண்ணீர்த் தொட்டிக்கும் முதலில் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் தெரு, கடைசியில் வயல் பம்புசெட். ஆற்றின் இரண்டு கரையும் ஒரே சப் ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் லைன் முந்திரிக்காட்டு வழியாக வந்திருந்தால் அவ்வளவு போஸ்ட்டையும் நட்டால்தான் உங்கள் தெருவுக்கு வரும். யாரோ சிபாரிசு செய்தார்கள் என்று அப்போதும் பேசினார்கள், எங்கள் அப்பாவை வைத்தே பேசினார்கள்.

எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. அப்பா 30ஆம் தேதி மதியம் சைக்கிளில் போனவர், எட்டாம் நாள் சட்டை மாற்ற வந்தார். ஒரு ராத்திரி பத்துப் பதினைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். "லைன்மேன் வீட்ல மட்டும் எரியுதான்னு பாக்கணும்" என்றார்கள். அம்மா கதவைத் திறந்து விட்டார். உள்ளே தார்ப்பாய்க்குக் கீழே சிம்னி விளக்கு, அதன் முன்னால் நானும் தம்பியும். எட்டிப் பார்த்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். அதில் ஒருவர் எங்கள் கணக்கு வாத்தியார். அதற்கப்புறம் வகுப்பில் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களை நானும் கும்பிடுகிறேன். உள்ளூர் ஆட்களையும் ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ரெயின்போ நகர் வாசி:

நான் புதுச்சேரி. நான் எழுதுவது ஃபெஞ்சல் புயல் பற்றி, 2024 நவம்பர் 30 ராத்திரி. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மாமியாருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும், இன்வெர்ட்டர் இறங்கிக்கொண்டே போகிறது. போன் போட்டேன். "சார், மீட்டர் போர்டு வரைக்கும் தண்ணி இருக்கா?" என்று கேட்டார்கள். இருந்தது. நான் இல்லை என்று சொன்னேன். "சரி சார், ஆள் வந்து பார்த்துட்டு போடுறோம்" என்றார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் டார்ச்சோடு ஒருவர் வந்தார். போர்டு பாதி முங்கியிருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பக்கத்து வீட்ல குழந்தைங்க இருக்கு சார்" என்றார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவரே நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, மாமியாரை எதிர் வீட்டு மாடிக்குத் தூக்கி வந்தார். அங்கே ஜெனரேட்டர் இருந்தது. மாமியார் நன்றாக இருக்கிறார். நான் சொன்ன பொய் மட்டும் அப்படியே இருக்கிறது.

குறிஞ்சிப்பாடி எலக்ட்ரீஷியன்:

தானே சமயத்தில் எங்கள் தெருவில் லைன் செத்துக் கிடந்தது. ஏறுவதற்கு முன், கரண்ட் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, லைன்மேன் எர்த் சங்கிலியைத் தூக்கிக் கம்பி மேல் போட்டார். பட்டென்று நீலமாகப் பொறி. யாரோ ஜெனரேட்டரை மாட்டியிருக்கிறார்கள்.

எல்லோரும் இதைக் கவனியுங்கள். ஜெனரேட்டர் வயரைச் சுவரில் இருக்கிற பிளக்கில் செருகாதீர்கள். மெயினை அணைக்காமல் செருகினால் கரண்ட் உங்கள் வீட்டோடு நிற்காது. சர்வீஸ் வயர் வழியாகத் தெருவுக்குப் போகும், டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்தால் 230 வோல்ட் அந்தப் பக்கம் 11,000 ஆகிவிடும். மேலே இருப்பவர் செத்த லைன் என்று நினைத்துத் தொடுவார். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் சேரும். கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கட்டாயம் வையுங்கள், மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். போஸ்ட்டிலும் அதைத் தாங்க இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியிலும் மாடு கட்டாதீர்கள், துணிக்கொடி கட்டாதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாமல், யாரையும் போக விடாமல் ஒருவர் நின்று, இன்னொருவர் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 2021லிருந்து மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987 இருக்கிறது, ராத்திரியிலும் எடுப்பார்கள். வெள்ளம் வடிந்த வீட்டில் மெயினைப் போடுவதற்கு முன்னால் ஒயரிங்கைக் காட்டுங்கள், காய்ந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

கெடிலக்கரை:

லைன்மேன் மகள், விளக்கத்துக்கு நன்றிம்மா. அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் அண்ணே, கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே. அந்த லைன்மேன் என்ன ஆனார்?

குறிஞ்சிப்பாடி எலக்ட்ரீஷியன்:

ஒன்றும் ஆகவில்லை. ஏறாமல் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் வீடு வீடாகப் போய் மெயினைப் பார்த்தார். ஜெனரேட்டர் ஓடியது எங்கள் சித்தப்பா வீட்டில். வயரை மாட்டிக் கொடுத்தது நான்.

பலாத்தோப்பு:

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தத் தம்பிக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருந்தது என்று எழுதச் சொன்னார், எனக்கு அது மறந்தே போயிருந்தது. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் யாராவது படித்தால், 2012 ஜனவரியில் பண்ருட்டிக்கு வேலைக்கு வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். மரம் சாய்ந்த இடத்தில் வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. வந்தால் இரண்டு பழம் கட்டிக் கொடுக்க வேண்டுமாம்.