சத்தம் தாங்காமல் கஞ்சா பிடிக்க ஆரம்பித்தேன், டாக்டரிடம் சொல்லலாமா?

போச்சம்பள்ளிக்காரன்:

வயது 27. கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர் கணக்கு பார்க்கிறேன். போன வருடம் பெங்களூரில் ஒரு உளவியலாளரிடம் நான்கு தடவை போனேன். ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். அதுவரைக்கும் வீட்டில் எனக்குத் திமிர் என்றுதான் பேர்.

மற்ற மாதங்களில் எப்படியோ ஓட்டிவிடுவேன். தோத்தாபுரி லோடு இறங்க ஆரம்பித்தால்தான் சிக்கல். டின்னோடு டின் இடிக்கிற சத்தம், பாய்லர் சீறுவது, லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கிற பீப், அழுகின பழத்து நெடி. கூட இருப்பவர்கள் அதை மறந்துவிட்டு வேலை பார்க்கிறார்கள். எனக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக மண்டைக்குள் வந்து நிற்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாயில் பதில் வராது. இரண்டு தடவை டாய்லெட்டுக்குள் போய் கதவில் தலையை முட்டிக்கொண்டேன்.

மூன்று சீசனுக்கு முன்னால் கூட வேலை பார்த்த ஒருவர் கஞ்சா கொடுத்தார். லாரி பீப் அடித்தது, காதில் கேட்டது, ஆனால் உள்ளே வரவில்லை. அன்று ராத்திரி அம்மா களியும் கீரைக் கடைசலும் போட்டு ஏதோ ஊர்க்கதை சொன்னாள். நானும் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். அதுவரை என்னால் இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடிந்ததில்லை. அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் விட மனசு வரவில்லை, போதைக்காக இல்லை.

இப்போது சீசன் முடிந்தும் தினமும் வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் வந்த பொட்டலம் இரண்டு நாள்தான் வருகிறது. போன மாதம் 40 டிரம்மை 400 என்று பதிந்துவிட்டேன். வாசலில் பைக் நின்றால் போலீஸோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வெளிநாட்டில் இதை ஆட்டிசத்துக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்று ஒரு வீடியோ பார்த்தேன். நான் எடுப்பதும் அதுதானா? மனநல டாக்டரிடம் சொன்னால் போலீஸுக்குப் போகுமா? அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

பாலக்கோடு அண்ணன்:

தம்பி, லாரி பீப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் தக்காளி மண்டியில் ஏலக் கணக்கு எழுதினவன். விடியற்காலையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் விலை கத்துவார்கள், தக்காளிப் பெட்டி, அதாவது கிரேட், தரையில் தேய்கிற சத்தம் பல்லைக் கூசவைக்கும். ஆறு வருடம் கஞ்சாவை வைத்துத்தான் அந்த வேலையைப் பார்த்தேன். எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது 34 வயதில்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கிடைக்காத நாளில் எனக்குச் சத்தம் இரண்டு மடங்காக இருக்கும். எரிச்சல், தூக்கமில்லை, சட்டை உடம்பில் பட்டாலே ஆகாது. என் ஆட்டிசம் முற்றிக்கொண்டு போகிறது, இன்னும் கொஞ்சம் கூட்டி எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதில் பாதி கஞ்சா இல்லாததால் வருகிற உபத்திரவம் என்று எனக்குத் தெரியவே இல்லை. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் தம்பி. உள்ளே இருந்து பார்த்தால் எது எது என்று பிரிக்க முடியாது.

முதலில் போன ஆஸ்பத்திரியில், "வேலைக்குப் போறீங்க, கல்யாணமாயிருக்கு, உங்களுக்கு ஏது ஆட்டிசம்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார்கள். நானும் கஞ்சாவை மறைத்தேன். மாத்திரை, கஞ்சா இரண்டும் சேர்ந்து ஒருநாள் தர்மபுரி ரோட்டில் வண்டி ஓட்டும்போதே கண் சொருகிவிட்டது. புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் விழித்தேன். என் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது.

அடுத்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். எத்தனை மணி, என்ன சத்தம், எவ்வளவு தாங்கியது, அன்று இழுத்தேனா இல்லையா, அவ்வளவுதான் எழுத வேண்டும். மூன்று வாரம் எழுதின பிறகு பார்த்தால், என்னை உடைத்தது மொத்த மண்டியும் இல்லை, கிரேட் இழுக்கிற அந்த ஒரு சத்தம்தான். கிரானைட் பட்டறையில் காதுக்குப் போடுகிற மூடி ஒன்று வாங்கினேன். மண்டிக்காரரிடம் பேசி, ஏலம் முடிந்த பிறகு வந்து துண்டுச்சீட்டுகளைப் பார்த்துக் கணக்கு எழுதுகிறேன் என்றேன். அவர் சரி என்றுவிட்டார். அதைக் கேட்க எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

விட்ட முதல் வாரம்தான் மோசம். வியர்வை, கெட்ட கனவு, சோறு இறங்காது. பத்து நாளில் சோறு இறங்கியது, தூக்கம் சரியாக இன்னும் சில வாரம் பிடித்தது. சீசன் நடுவில் ஆரம்பிக்காதே. இப்போது ஆரம்பி.

தர்மபுரி நர்ஸ்:

மனநல வார்டில் வேலை பார்க்கிறேன். தம்பி கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நோயாளி சொன்னதை ரகசியமாக வைத்துக்கொள்வது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி எங்கள் கடமை. கஞ்சா பிடிக்கிறேன் என்று சொன்னதற்காக யாரும் ஸ்டேஷனுக்கு போன் போடமாட்டோம். ஆனால் கையில் வைத்திருப்பது 1985 போதைப்பொருள் சட்டப்படி குற்றம். 1 கிலோ வரை சிறிய அளவு என்பார்கள், அதற்கே ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தர அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதனால் பயந்துகொண்டு வராமல் இருக்காதீர்கள்.

வீடியோவில் காட்டுவதும் பொட்டலத்தில் இருப்பதும் ஒன்றில்லை. இஸ்ரேலில் 5 முதல் 21 வயது வரை 150 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. கஞ்சாச் செடியில் பல பொருள் இருக்கிறது. அதில் கொடுத்த எண்ணெயில் போதை ஏற்றாத சிபிடி 20 பங்கு, போதை ஏற்றுகிற டிஎச்சி 1 பங்கு. முக்கியமாகப் பார்த்த இரண்டு அளவுகோலில் ஒன்றில் வித்தியாசமே இல்லை. இன்னொன்றில் செடியிலிருந்து எடுத்த எண்ணெய் குடித்தவர்களில் 49 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், மருந்தே இல்லாத வெற்று எண்ணெய் குடித்தவர்களில் 21 சதவீதம். நம்மூர்ப் பொட்டலத்தில் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. டிஎச்சி அதிகமானால் படபடப்பும் சந்தேகமும் கூடும். பைக் சத்தத்துக்கு நெஞ்சு அடிக்கிறது என்றீர்களே, டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். ஆள் இல்லாதபோது குரல் கேட்டால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் வந்துவிடுங்கள்.

ஆட்டிசத்தையே மாற்றுகிற மாத்திரை எதுவும் இல்லை. கூட வருகிற பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் மருந்து உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போவதும் சுலபம், ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, டெய்ரி சர்க்கிள் பக்கம். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

ஊத்தங்கரை அம்மா:

என் பையனுக்கும் ஆட்டிசம், 19 வயது. அவன் சின்ன வயதில் சட்டைக் காலர் பட்டியைக் கடித்துப் பிய்த்துவிடுவான், நான் அடித்திருக்கிறேன். அது உறுத்துகிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அம்மாவிடம் கஞ்சாவில் ஆரம்பிக்காதே கண்ணு. பாய்லர் சத்தத்தில் ஆரம்பி.

போச்சம்பள்ளிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நோட்டு வாங்கினேன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன், மூன்றிலும் லாரி பீப்தான் முதலில் வருகிறது. நேற்று அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். கஞ்சா வரிகளையும் விடவில்லை. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீ அஞ்சு வயசுல மிக்ஸி போட்டா வெளியே ஓடிடுவியே, அதுவா இது" என்று கேட்டாள். வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். காலை ஐந்து மணி பஸ்ஸில் அவளும் வருகிறாள்.