மறு: ‘கதிர் எதிர்ப்பு’ வேண்டாம், ‘கதிர்மசியாமை’ என்போமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சைக் கையேட்டுக்காக நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலைப் பற்றி இது. கதிர் பட்டும் கட்டி எளிதில் சாகாத நிலையை (radioresistance) அதில் ‘கதிர் எதிர்ப்பு’ என்று எழுதியிருந்தீர்கள்.

> கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்தால் கதிர் எதிர்ப்பு உண்டாகும்.

நேற்றைய மடலில் இருந்த இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட இதே வரி இருந்த ஒரு கையேட்டைப் படித்த நோயாளியின் அண்ணன், “எதிர்ப்பு வந்தா நல்லதுதானே சார்?” என்று என்னிடம் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நோய் எதிர்ப்புச் சக்தி என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது.

அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல், ‘எதிர்ப்பு’ என்றதும் புற்றணு ஏதோ கேடயம் தூக்கி நிற்பதுபோல ஒரு படம் மனதில் விழுகிறது. நடப்பது அதுவல்ல. எக்ஸ் கதிர் பட்டதும் டிஎன்ஏவில் தனி உறுப்புகள் (free radicals, இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, சட்டென வினைபுரியும் துணுக்குகள்) உருவாகின்றன. (பாடநூல் சொல்தான். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கையும் காலும் நினைவுக்கு வருகிறது; அந்தச் சண்டையை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.) அந்த நொடியின் மிகச் சிறு பங்குக்குள் ஒரு போட்டி நடக்கிறது. அருகில் ஆக்சிஜன் இருந்தால் அது போய் ஒட்டிக்கொண்டு சேதத்தை நிலைக்க வைத்துவிடும். இல்லையென்றால் குளூட்டதயோன் போன்ற கந்தகச் சேர்மங்கள் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துப் பழையபடி ஆக்கிவிடும். ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒரு மடங்கு கதிர் செய்யும் வேலைக்கு, அறவே இல்லாத இடத்தில் இரண்டரை முதல் மூன்று மடங்கு தேவைப்படும். அதே உயிரணுவுக்குக் கதிர் பாயும் நேரத்தில் ஆக்சிஜன் கிடைத்துவிட்டால் அது மறுபடி சாதாரணமாகச் சாகும்.

இதற்கு நம் சமையலறையிலேயே சொல் இருக்கிறது. போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு போட்டால் எத்தனை விசில் வந்தாலும் மசியாது. குற்றம் பருப்பினுடையதல்ல, தண்ணீருடையது. அதே பருப்பை நல்ல தண்ணீரில் போட்டால் மசிந்துவிடும். ஆகவே என் முன்மொழிவு: கதிர்மசிவு, கதிர்மசியாமை. ஆக்சிஜனைப் போலச் செயல்பட்டுக் கட்டியை மசிய வைக்கும் மருந்துக்குக் கதிர்மசிவூட்டி. டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிரோடு சேர்த்துக் கொடுக்கும் நிமோரசோல் இந்த வகைதான். இதற்கு இப்போது வழங்கும் ‘உணர்திறனூட்டி’ (sensitizer) என்றால் கட்டிக்கு மனம் வந்ததுபோல இருக்கிறது.

“அவன் எதற்கும் மசிய மாட்டான்” என்று சொல்கிறோமே, இதிலும் பிடிவாதம் தொனிக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். கொஞ்சம் தொனிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது முழுப் பொய்யும் அல்ல. ஆக்சிஜன் குறையும்போது உயிரணு தன்னை மாற்றிக்கொள்ளவும் செய்கிறது. அந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்குத்தான் 2019இல் மூவருக்கு மருத்துவ நோபல். ஆனால் மேலே சொன்ன மூன்று மடங்கு அந்தக் கணக்கில் வராது, அது வெறும் வேதியியல். மருந்தைப் பம்பு வைத்து வெளியே தள்ளும் உயிரணுவுக்கு ‘மருந்தெதிர்ப்பு’ என்ற சொல் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்த நிலையை (hypoxia) ‘ஆக்சிஜனின்மை’ என்று எழுதியிருந்தீர்கள். இன்மை வேறு, குறை வேறு. 1955இல் டாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றின் சீவல்களை அளந்து பார்த்தார்கள். (கதிரின் அளவைக்குப் பெயர் தந்த அதே கிரே.) புற்றணுக்கள் திரண்ட தண்டின் ஆரம் 200 மைக்ரானைத் தாண்டினால் நடுவில் செத்த பகுதி கட்டாயம் இருந்தது, 160க்குக் கீழே அப்படி எதுவும் இல்லை. குருதிக்குழாயிலிருந்து ஆக்சிஜன் ஊறிப் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான், இரண்டு தலைமுடித் தடிமன். உயிரோடு இருக்கும் விளிம்புக்கும் செத்த நடுவுக்கும் இடையில், அரைப்பட்டினியில் கிடக்கும் உயிரணுக்கள்தான் நம் பேச்சுக்குரியவை. அவை இன்மையில் இல்லை, குறையில் இருக்கின்றன. கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் பாதரச அளவு ஆக்சிஜன் அழுத்தம் கிடைத்தாலே, இழந்த மசிவில் பாதி திரும்பிவிடும்.

வெறும் ‘ஆக்சிஜன் குறை’யும் போதாது. கொரோனாவுக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் விரலில் மாட்டும் கருவி இருக்கிறது. “எனக்கு 98 காட்டுதே, அப்புறம் எப்படிக் குறை?” என்று கேட்பார்கள். அது குருதியில் உள்ள அளவு. கட்டியின் உள்ளே என்ன நிலை என்று விரலுக்குத் தெரியாது. எனவே இடத்தைச் சேர்த்து, திசு ஆக்சிஜன்குறை, குருதி ஆக்சிஜன்குறை என்று பிரிக்கலாம்.

பட்டியலின் ஏழாவது சொல்லை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். ‘ஆக்சிஜன் நிலைநிறுத்தல் கருதுகோள்’ என்றால், அவரை வேரில் நைட்ரஜனை நிலைநிறுத்துவதுபோல ஆக்சிஜனை யாரோ பிடித்து வைப்பதாகப் பொருள் வருகிறது. இங்கே நிலைப்பது சேதம், நிலைக்க வைப்பது ஆக்சிஜன். ‘ஆக்சிஜன்வழிச் சேதநிலைப்பு’ என்பது நீளம்தான், ஆனால் தலைகீழாகாது.

ஆக்சிஜனுக்கு ‘உயிர்வளி’ என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு: எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கட்டியை அழிக்க உயிர்வளி உதவும் என்று கையேட்டில் எழுதினால் முதல் பக்கத்திலேயே விளக்கம் எழுத வேண்டிவரும். இலங்கை நண்பர்கள் ‘ஒட்சிசன்’ என்றுதான் படித்திருப்பீர்கள். உங்கள் பதிப்புக்கு அதையே வைத்துக்கொள்வோமா? இன்னொன்று, உங்கள் பக்கத்தில் பருப்பை ‘மசிந்தது’ என்பீர்களா, ‘அவிந்தது’ என்பீர்களா? அதைத் தெரிந்துகொண்டுதான் கதிர்மசிவைப் பட்டியலில் ஏற்ற வேண்டும்.