‘காசு’தான் ‘கேஷ்’ ஆனதா?

பனங்காய்:
வணக்கம். ஆங்கில ‘கேஷ்’ தமிழ்க் ‘காசு’விலிருந்து போனது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ஓயாமல் சுற்றுகிறது. மறுப்பவர்கள், அது பிரெஞ்சுச் சொல் என்கிறார்கள். இரண்டு பக்கமும் அகராதியைத்தான் காட்டுகிறார்கள். எது சரி? கேஷியர், கேஷ்யூ, கேஷ்மியர் எல்லாமே சி-ஏ-எஸ்-ஹெச் என்றுதான் தொடங்குகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வேரா? இதை நாமே சரிபார்ப்பது எப்படி?

ஏடுபுரட்டி:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் அவர்கள் பேசுவது இரண்டு வேறு சொற்களைப் பற்றி. பெரிய ஆங்கில அகராதி எதையாவது திறந்து பாருங்கள், ‘கேஷ்’ தலைச்சொல்லாக இரண்டு முறை வரும். பக்கத்தில் பொடியாக 1, 2 என்று எண் இருக்கும். வாட்ஸ்அப் செய்தி எழுதியவர் இந்த எண்ணைக் கவனிக்கவில்லை.

ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷுக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலியில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’ என்றாகி ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்து, பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்கே பெயரானது. நம் கடைத்தெருவிலும் இதுதான் நடந்தது: கல்லா என்பது பெட்டி, ஆனால் ‘படம் கல்லா கட்டுது’ என்னும்போது பேசுவது பணத்தை.

இன்னொரு கேஷ் சிறு நாணயம். இதுதான் நம் காசு. போர்ச்சுகீசியர் வாயில் அது ‘காய்ஷா’ ஆனது. அவர்கள் மொழியில் பெட்டிக்கு ஏற்கெனவே ‘காய்ஷா’ என்றுதான் பெயர், அதுவும் அந்த லத்தீன் ‘காப்ஸா’ வழி வந்ததே. பழகிய சொல்லின் உருவத்தைப் புதிய சொல் எடுத்துக்கொண்டது. இரண்டுமே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் ஏறியதால் குழப்பம் நிலைத்துவிட்டது. நடுவில் ஓட்டையுள்ள சீனச் செப்புக் காசையும் ஆங்கிலேயர் இந்தப் பெயரால்தான் அழைத்தார்கள்.

பழைய ஆவணம் படிப்பவர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. கம்பெனி காலத்துச் சென்னைக் கணக்கில் பணம் என்பதும் ஒரு நாணயம், வராகன் பொன் நாணயம்: 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. அந்தக் கணக்கில் ‘500 கேஷ்’ என்று வந்தால் அது 6 பணம் 20 காசு, அவ்வளவுதான். ‘ரொக்கம் 500’ என்று மொழிபெயர்த்தால் கணக்கே கவிழ்ந்துவிடும். திருவிதாங்கூர் ஆவணமென்றால் அளவு வேறு: 16 காசு 1 சக்கரம், 28 சக்கரம் 1 ரூபாய்.

கொல்லைமேடு:
மற்ற மூன்றுக்கும் வருகிறேன். கடையில் பணம் வாங்கும் கேஷியர் அந்த லத்தீன் பெட்டியின் பேரப்பிள்ளை. ஆனால் ‘கேஷியர்’ என்று ஒரு வினைச்சொல்லும் இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து அதேதான். ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி பறிப்பது என்று பொருள். டச்சு வழி வந்த இதன் மூலம் லத்தீன் ‘காஸுஸ்’: வெறுமையான, செல்லாத. அந்த அதிகாரியைக் காசாளர் ஆக்கினார்கள் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

கேஷ்யூ பிரேசிலின் துப்பி மொழிச் சொல்: ‘அகாஜு’. போர்ச்சுகீசியர் ‘காஜு’ என்றார்கள், மரத்தையும் 16ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இனிப்புக் கடையில் கேட்கும் காஜு கத்லியில் இருப்பதும் அந்தச் சொல்தான். கேஷ்மியர் வெறும் ஊர்ப்பெயர், காஷ்மீரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டு.

ஏடுபுரட்டி:
சரிபார்க்கும் வழி கேட்டீர்களே. முதலில் தலைச்சொல்லின் எண்ணைப் பாருங்கள். அடுத்து, அந்தப் பொருளில் சொல் முதலில் பதிவான ஆண்டு: அப்போது ஆங்கிலேயர் யாரோடு பழகினார்கள், நடுவில் எந்த மொழி நின்றது? மூன்றாவது சோதனையை யாரும் செய்வதில்லை, ஆனால் அதுதான் கைகொடுக்கும். இந்தியாவோடு ஒட்டாத மொழியில் அதே சொல் அதே பொருளில் இருக்கிறதா என்று தேடுங்கள். பணப்பெட்டிக்கு ஜெர்மனில் ‘காஸ்ஸெ’, ஸ்பானியத்தில் ‘காஹா’. அப்படியிருக்க, ரொக்கத்தை மட்டும் தமிழிலிருந்து வரவழைக்க முடியாது.

எண் மட்டும் போதாது என்பதற்கு ‘பேங்க்’ சாட்சி. ஆற்றங்கரைக்கு ஓர் எண், பண வங்கிக்கு ஓர் எண். ஆனால் கரை, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸ் பக்கமிருந்தும், வங்கி இத்தாலியில் பணம் மாற்றுவோரின் பெஞ்சுப் பலகையிலிருந்தும் வந்தன. இரண்டுக்கும் அடியில் ஒரே ஜெர்மானிய வேர்தான்.

இந்தியத் தொடர்புள்ள சொற்களுக்கு யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காசுக்கு நல்ல பதிவு உண்டு.

பனங்காய்:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் ‘கறி’? ஆங்கிலத்தில் ‘கறி ஃபேவர்’ என்று ஒரு வழக்கு இருக்கிறதே, கறி சமைத்துப் போட்டு ஆளை மயக்குவதா?

கொல்லைமேடு:
இல்லை, அந்தக் கறி குதிரை லாயத்தில் இருக்கிறது. சாப்பிடும் கறி தமிழ்தான். இன்னொன்று, பழைய பிரெஞ்சில் ‘தயார்செய்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது: குதிரையைத் தேய்த்துவிடுவது, பதனிட்ட தோலைப் பக்குவப்படுத்துவது. ‘கறி கோம்ப்’ என்றால் குதிரை தேய்க்கும் பல்சீப்பு. 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதை ஒன்றில் ஃபோவெல் என்ற வஞ்சகக் குதிரை வரும். பெரிய மனிதர்களெல்லாம் வரிசையில் நின்று அதைத் தேய்த்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் அது ‘கறி ஃபேவெல்’ ஆகி, குதிரை யாரென்று மறந்தபின் ‘ஃபேவர்’ என்று திரிந்தது. நம் பேச்சில் காக்கா பிடிப்பது.

செந்தூல்:
மலேசியாவிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். வேதியியலில் வரும் ‘காம்பவுண்டு’ லத்தீன், ஒன்றாக வைத்தது என்று பொருள். காம்பவுண்டுச் சுவரில் வருவதை மலாய் ‘கம்போங்’கிலிருந்து வந்ததாகத்தான் அகராதிகள் காட்டுகின்றன: வேலியடைத்த குடியிருப்பு, கிராமம். ஆங்கிலேயர் காதில் விழுந்தது தெரிந்த சொல்லின் எழுத்தில் அடங்கிவிட்டது. இங்கே நாங்கள் கம்பத்து வீடு என்கிறோமே, அதே கம்பம்தான் உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது.