மறுமொழி: புட்டிக்குள் நடக்கும் இரண்டாவது நொதிப்புக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

'பாட்டில் கண்டிஷனிங்' (நொதித்த மதுவைப் புட்டியில் அடைத்து, உள்ளேயே மறுபடி நொதிக்கவிட்டு நுரைக்கவைப்பது) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக என் கையேட்டு வரிகளில் பொருத்திப் படித்துப் பார்த்தேன். வீட்டில் தேன்மது செய்பவர் வாசித்துவிட்டு நேராகப் போய்ச் செய்யப்போகும் வரிகள் அவை. அதனால் சொல் அழகாக இருந்தால் மட்டும் போதாது, கை தவறாமலும் காக்க வேண்டும்.

> காற்றூட்டம் என்றே வைக்கலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் ஐயா. மீன்தொட்டிக்கும் கழிவுநீருக்கும் அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். தேன்மதுவிலும் அதற்கு வேலை இருக்கிறது. ஈஸ்ட் போட்ட முதல் ஓரிரு நாள் கலக்கிக் கலக்கிக் காற்றைச் சேர்க்கிறோம். ஆனால் நொதித்து முடிந்த மதுவில் காற்றுப் பட்டால் நிறம் பழுக்கும், நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். முதலில் கட்டாயம் செய்ய வேண்டியதற்கும் கடைசியில் செய்யவே கூடாததற்கும் ஒரே பெயர் இருக்கக் கூடாது.

> கரிவளியேற்றம்.

'கார்பனேஷன்', அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றுவதற்கு நல்ல சொல். இது வேண்டும், ஆனால் வேறு வேலைக்கு. 1767இல் லீட்ஸ் நகரத்து மதுவடிசாலையில் நொதிக்கும் தொட்டிக்கு மேலே தேங்கி நின்ற வாயுவை ஜோசப் பிரீஸ்ட்லி தண்ணீருக்குள் செலுத்தினார். நம் ஊர் கோலி சோடா வரை அதே வழிதான்: வாயு வெளியிலிருந்து வருகிறது. சிலிண்டர் வைத்திருப்பவர், மதுவை 4 டிகிரிக்குக் குளிரவைத்து, சுமார் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சில நாள் விட்டால் நன்றாக நுரைக்கும். அதைக் கரிவளியேற்றம் என்போம்.

நான் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. நொதித்து அடங்கிய மதுவில் கொஞ்சம் தேனையோ சர்க்கரையோ அளந்து சேர்த்துப் புட்டியில் அடைக்கிறோம். உயிரோடிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடுகிறது. வெளியேற வழியில்லாததால் வாயு மதுவிலேயே கரைகிறது. இங்கே யாரும் எதையும் ஏற்றுவதில்லை, உள்ளேயே உண்டாகிறது.

> உறையிடல். தயிருக்கு உறை ஊற்றுவது போல.

அக்கா, இந்தச் சொல்லை விட மனமே வரவில்லை. ஆனால் உறைமோரில் உயிர் இருக்கிறது, பாலில் உணவு இருக்கிறது. இங்கே உயிர் மதுவிலேயே இருக்கிறது, நாம் போடுவது உணவு. உறை கொஞ்சம் கூடினால் தயிர் புளிக்கும், அவ்வளவுதான். சர்க்கரை கூடினால் கண்ணாடி வெடிக்கும். அதனால் போடும் பொருளுக்கு 'ஊட்டுச்சர்க்கரை', தேனானால் 'ஊட்டுத்தேன்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு பங்கு வாயு தரும் (ஒரு பங்கு என்றால் மதுவின் கொள்ளளவுக்குச் சமமான வாயு). 20 டிகிரியில் நொதித்து முடிந்த மதுவில் முக்கால் பங்குக்கு மேல் முன்பே கரைந்திருக்கும். இரண்டரைப் பங்கு வேண்டுமென்றால் 20 லிட்டருக்குச் சுமார் 130 கிராம் சர்க்கரை போதும். தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நீர் இருப்பதால் தேன் 160 கிராம் பிடிக்கும்.

> மறுநொதிப்பு போதாதா? ஜெர்மன்காரர்கள் 'புட்டி நொதிப்பு' என்றுதானே சொல்கிறார்கள்?

ஆமாம், ஃப்ளாஷென்கேருங். பிரெஞ்சுக்காரர்கள் ஷாம்பெயினுக்கு 'ப்ரீஸ் த மூஸ்' என்கிறார்கள், நுரை பிடித்தல் என்று பொருள். ஆனால் மறுநொதிப்பு தொட்டியிலும் நடக்கும். அடைத்துவைத்திருக்கிறோம் என்பது சொல்லில் தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. ஒரு குளிர்காலத்தில், மதுவின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.006இல் நின்றது (சர்க்கரை தீரத் தீர இந்த எண் இறங்கும்). முடிந்துவிட்டது என்று நம்பி, 5 லிட்டருக்குக் கணக்காக ஊட்டுத்தேன் சேர்த்துச் சாதாரண ஒயின் புட்டிகளில் அடைத்தேன். ஈஸ்ட் குளிரில் தூங்கிக்கொண்டிருந்தது. வெயில் வந்ததும் விழித்து, 0.998 வரை போக வேண்டிய மிச்சத்தைத் தின்றது. அந்த எட்டுப் புள்ளி என்பது லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை, நான் அளந்து சேர்த்ததைப் போல மூன்று மடங்கு. இரவில் இரண்டு புட்டிகள் வெடித்தன. பக்கத்தில் யாரும் இல்லை என்பது எங்கள் நல்ல காலம். சரியாகச் செய்த புட்டியிலேயே கார் டயருக்குக் கிட்டத்தட்ட சமமான அழுத்தம் இருக்கும். ஷாம்பெயின் புட்டியோ தடித்த பீர் புட்டியோ அதைத் தாங்கும். ஒயின் புட்டி அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல.

அப்புறம்தான் திருமுருகாற்றுப்படை நினைவுக்கு வந்தது: "நீடமை விளைந்த தேக்கள் தேறல்". நெடிய மூங்கிலுக்குள் விளைந்த, தேனாலான கள்ளின் தெளிவு என்று பொருள்; தேறல் என்றால் தெளிந்த கள். அது நுரைத்ததா என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனால் கலத்துக்குள் இருந்தபடியே மது பக்குவமாவதற்கு 'விளைதல்' என்ற வினை நம்மிடம் இருந்திருக்கிறது. இதைவிட நல்ல வேர் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் 'குப்பிவிளைச்சல்' என்று எழுதினேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், ஈழத்தில் குப்பி என்றதும் கழுத்தில் தொங்கிய சயனைடு குப்பிதான் மனதில் வரும் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் தொடவில்லை. புட்டி என்றால் அவர்களுக்குப் போத்தல்தான் பழக்கம். கலத்தின் பெயரே இல்லாமல் சொன்னால் என்ன?

அடைவிளைச்சல்.

அடைத்து விளைவிப்பது. கோழி அடைகாப்பதும் இதில் ஒலிக்கிறது. உள்ளே உயிர் இருக்கிறது, சூடு வேண்டும், நாள் வேண்டும். வினையாக 'அடைவிளைத்தல்', பெயரடையாக 'அடைவிளை தேறல்'. 'அடைவிளைவு' வேண்டாம், பக்கவிளைவு போல ஒலிக்கிறது.

கையேட்டில் வைத்துப் பார்த்தேன்:

"ஈஸ்ட் பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட் சேர்த்த தேறலை அடைவிளைக்க முடியாது, கரிவளியேற்றம்தான் வழி. அடைவிளைச்சலுக்கு 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடைத்து வையுங்கள். அமுக்கிப் பார்த்துக் கல்லுப்போல இருந்தால் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள்."

எனக்குத் தடங்கலில்லாமல் ஓடுகிறது. விளைச்சல் என்றால் நெல்தான் நினைவுக்கு வரும் என்பவர்கள் வேறு ஈறு சொல்லுங்கள், 'அடைவிளை' வரை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.