பெயின்ட் சுவரை மறைக்கிறதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையில் பெயின்டிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். போன வருடம் மேலப்பாளையத்தில் ஒரு வீடு. அடர் பச்சைச் சுவரில் தந்த நிறம் வேண்டும் என்றார் வீட்டுக்கார அண்ணாச்சி. "ரெண்டே கோட்டில் மறைச்சிரும்" என்று கடையில் சொன்னதை நம்பி விலை குறைந்த எமல்ஷன் ஒன்று வாங்கி வைத்திருந்தார். என்னிடம் நல்ல சரக்கு ஒன்று மிச்சம் இருந்தது.

பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக அச்சிட்ட வழவழப்பான அட்டையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கனத்தில் இழுத்துக் காட்டினேன். ஈரமாக இருக்கும்போது விலை குறைந்ததில் கறுப்பு நன்றாகவே தெரிந்தது. காய்ந்ததும் வெளுத்து, மற்றதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். இரண்டு நாள் விட்டு, ஈரத்துணியால் லேசாக ஒற்றச் சொன்னேன். அவருடைய பெயின்டில் கறுப்பு மறுபடி எழும்பி வந்தது. மற்றதில் அசைவே இல்லை. ஐப்பசி மழையில் வெளிச்சுவர்கள் திட்டுத் திட்டாகப் பழைய நிறம் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வேலை எடுக்குமுன் இந்தச் சோதனையை எல்லோரும் செய்துவிட வேண்டும் என்பேன்.

—

மேலே எழுதிய பெயின்டர் அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. எனக்கு அம்பாசமுத்திரம், சென்னையில் பெயின்ட் ஆய்வகத்தில் இருக்கிறேன். ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதில்தான் மறைப்பு இருக்கிறது. தூளைப் பிடித்து நிறுத்தும் பிசினின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) சுமார் 1.5, விலை குறைந்த பெயின்டில் போடும் சுண்ணாம்புத் தூளுக்கு 1.6. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் ஒளி நேராகப் போய்விடும். நல்ல பெயின்டில் போடும் வெள்ளைத் தூளான ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.7. அது ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். தூள் அதிகம், பிசின் குறைவு என்று செய்த பெயின்ட் காயும்போது உள்ளே காற்றுக் குழிகள் விழும். காற்றுக்கு எண் 1, அதனால் வெண்மையாகத் தெரியும். அந்தக் குழியில் தண்ணீர் (1.33) புகுந்தால் வித்தியாசம் குறைந்துபோகும், அடியில் உள்ள கறுப்பு தெரியும். பழைய சுண்ணாம்புச் சுவர் நனைந்ததும் மங்குவதற்கும் இதே காரணம்தான்.

எங்கள் அளவு எளிது. கறுப்பின் மேல் காய்ந்த படலம் திருப்பி அனுப்பும் ஒளியை, வெள்ளையின் மேல் உள்ளது அனுப்பும் ஒளியால் வகுப்போம். 0.98 வந்தால் கண்ணுக்கு முழு மறைப்பு. ஆனால் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்குப் பரப்பினார்கள் என்று சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். கனமாக அப்பினால் எதுவும் மறைக்கும்!

—

திசையன்விளைப் பக்கம் இருந்து எழுதுகிறேன். வெள்ளைக்கு மட்டும்தான் இந்தப் பாடு என்றில்லை. பளீர் மஞ்சளும் பளீர் சிவப்பும் பெரும்பாலும் கரிம (ஆர்கானிக்) சாயத்தூள். பல கோட் அடித்தாலும் அடியில் உள்ளது எட்டிப் பார்க்கும். ரெட் ஆக்சைடு அப்படியில்லை, இரும்புக் கேட்டை ஒரே கோட்டில் மூடிவிடும். மஞ்சள் கேட்பவர்களுக்கு முதலில் அதே சாயலில் வெளிர் அடிக்கோட் ஒன்று கொடுத்துவிடுவேன், மேல்கோட் செலவு நன்றாகக் குறையும்.

இன்னொன்று. அந்த டைட்டானியத்துக்கு மூலமான இல்மனைட் என்ற தாது எங்கள் உவரிக் கடற்கரை மணலிலேயே கறுப்பாகக் கிடக்கிறது. இதைச் சொன்னால் பெயின்டர் தம்பிகள் நம்ப மறுக்கிறார்கள்.